பதினோரு மணிக்கு என்ன கிடைக்கும்?

"டிபன் முடிஞ்சிருச்சுண்ணே. சாப்பாடு பன்னெண்டரைக்கு மேலதான்."

தேனி பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல். சர்வர் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈரத்துணியால் மேசையை இழுத்து இழுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் விடுவாரா? "நாலு இட்லி கூடவா இல்ல?" என்றார்.

"இட்லிச் சட்டியக் கழுவிக் கவுத்தாச்சு."

"தோச?"

"கல்ல அணைச்சாச்சு."

"வேற என்னதான்ப்பா இருக்கு?"

"தண்ணி இருக்குண்ணே. வைக்கவா?"

வேறொரு நாளாக இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். ஆனால் எங்கள் முதுகுக்குப் பின்னால் மூன்று பேர் பசியோடு நின்றிருந்தார்கள். என் மகள் கயல் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன் பிரசன்னா. அவனுடைய அம்மா உமா. அப்பா தனசேகர். சென்னையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள். ரயில் மதுரைக்கு இந்தப் பக்கம் எங்கேயோ படுத்துக்கொண்டு, வெயில் ஏறிய பிறகுதான் தேனிக்கு வந்து சேர்ந்தது.

உமா இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை. "வந்து பார்க்கிறேன். பார்த்துட்டுத்தான் சொல்வேன்" என்று மகனிடம் சொல்லியிருந்தார். கயலுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும். முந்தின ராத்திரி பிள்ளை தூங்கவே இல்லை என்பது காலையில் அவள் கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அப்படிப்பட்ட நாளில் நாங்கள் அவர்களுக்குக் காட்டிய முதல் காட்சி, கவிழ்த்து வைத்த இட்லிச் சட்டி.

அடுப்பு மாறும் நேரம்

எங்கள் பக்கத்தில் சாப்பாட்டுக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். விடியும் முன்னாலேயே ஆவி பறக்க இட்லி கிடைக்கும். மதியம் கறிக்குழம்பு. சாயங்காலம் தள்ளுவண்டியில் பருத்திப்பால். இருட்டினால் தெருவுக்குத் தெரு புரோட்டாக் கல்லில் தாளம் போடுவார்கள்.

ஆனால் காலை டிபன் முடிந்து மதியச் சாப்பாடு தொடங்குவதற்கு நடுவில் ஒரு நேரம் இருக்கிறதே, அது பாழாய்ப்போன நேரம். மாவு தீர்ந்திருக்கும். சோறு அப்போதுதான் கொதிக்கும். மாஸ்டர் பின்கட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். கலெக்டரே வந்தாலும் தண்ணீர்தான்.

ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நாங்கள் எல்லாம் அதற்குள் வயிற்றை நிரப்பியிருப்போம். அந்த நேரத்தில் பசிப்பது வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்தான்.

பெரிய ஊரில் அப்படி இல்லை. அங்கே அந்த நேரத்துக்கென்றே தனியாக ஒரு சாப்பாடு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பிரஞ்ச். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே கயல்தான்.

படம் போட்ட காப்பி

அவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பே பற்ற வைக்கவில்லை. "ஏன்டி, உங்க ஊர்ல ஞாயித்துக்கெழம சாப்பிட மாட்டாகளா?" என்று கேட்டேன். "பொறும்மா, பதினோரு மணிக்குப் போவோம்" என்றாள்.

போனால் வாசலில் கூட்டம். பெயரைக் கொடுத்துவிட்டு வெயிலில் நிற்க வேண்டும். காசு கொடுத்துச் சாப்பிட எதற்கு நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தால், கருகலாக வாட்டிய ரொட்டி, அதன்மேல் பச்சையாக ஏதோ மசியல், அதற்கும் மேலே பாதி வெந்த முட்டை. ஆனாலும் ருசியைக் குறை சொல்ல மாட்டேன். தட்டை வழித்துத்தான் வைத்தேன்.

காப்பிதான் மோசம். பெரிய கோப்பை, மேலே நுரையில் அழகாக ஒரு இலை வரைந்திருந்தது. வாயில் வைத்தால் வெதுவெதுப்பு. குழந்தைக்குப் பால் ஆற்றின சூடு. பரிமாறியவரைக் கூப்பிட்டேன்.

"தம்பி, படம் நல்லா இருக்கு. கொஞ்சம் சுட வச்சுக் கொண்டாங்க."

கயல் மெனு அட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பக்கத்து மேசையில் ஒரு பையன் சிரித்தான். சிரித்தவன் எழுந்தே வந்துவிட்டான். "ஆன்ட்டி, நல்ல காப்பி வேணும்னா என்கூட வாங்க" என்றான்.

பக்கத்திலிருந்த கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் கைகாலை நீட்டக்கூட இடமில்லாத ஒரு கடை. பதினோரு மணி தாண்டியும் உள்ளே சட்னி அரைபடும் சத்தம் கேட்டது. பொங்கலில் நெய் மிதந்தது. காப்பியை டபராவில் ஊற்றியதும் விரலைச் சுட்டது. முதல் டிகாக்ஷன். ஒரு வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். பெரிய ஊரில் நல்ல காப்பி வேண்டுமானால் உட்கார நாற்காலி இல்லாத கடையாகப் பாருங்கள். நல்ல டிபன் வேண்டுமானால் பதினோரு மணிக்கும் கிரைண்டர் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். நாற்காலி போட்டு, பாட்டுப் போட்டு, கோப்பையில் படமும் போட்டால் அது பேசிக்கொண்டிருக்கிற இடம். பேசத்தான் போகிறோம் என்றால் தாராளமாகப் போகலாம்.

அந்தப் பையன் தற்செயலாகப் பக்கத்து மேசையில் உட்காரவில்லை என்பது வீடு திரும்பும் வழியில் எனக்கு உறைத்தது. "ஏன்டி, இதுக்குத்தான் என்னப் பட்டினி போட்டுக் கூட்டிட்டு வந்தியா?" என்று கேட்டேன். கயல் என் தோளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு அவனைப் பிடித்துப்போனது. காப்பி தெரிந்த பிள்ளை மோசம் பண்ணாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தண்ணீர் மட்டும்

சரி, தேனிக்கு வருவோம். ஹோட்டலில் டிபன் இல்லை என்றால் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதுதானே, உங்கள் ஊர் சின்னமனூர் என்ன சீமையிலா இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். வீட்டில் விருந்தே தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் கூட்டிப்போக முடியாது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், பேசி முடிக்கும் முன்னால் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்று பொருள். பெண் வீட்டுக்காரர்களும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால், முடிவு சொல்லாதவர்களைக் கையைப் பிடித்து இழுப்பது மாதிரி ஆகும். சில வீடுகளில் காப்பி, பலகாரம் வரைக்கும் விடுவார்கள். என் வீட்டுக்காரர் வகையறாவில் தண்ணீர் மட்டும்தான்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய அக்காவைப் பார்க்க வந்தவர்கள் கறியும் சோறுமாகச் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். அப்புறம் ஆள்விட்டு, வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். 'கை நனைச்சிட்டுப் போனவுக ஏன் வரல?' என்று தெருவே கேட்டது. அக்காவுக்குப் பிறகு நல்ல இடம் அமைந்து, இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார். தம்பியின் பயம் மட்டும் அப்படியே இருந்தது.

அதனால் அவர் போட்ட திட்டம் இது: வந்து இறங்கியதும் தேனி ஹோட்டலில் நம் செலவில் டிபன். பிறகு வீடு, பெண், பேச்சு. உமா சரி என்றதும் விருந்து. நல்ல திட்டம்தான். ரயிலுக்குத்தான் அது தெரியவில்லை.

இன்னொரு ஹோட்டலுக்கும் போனோம். அங்கேயும் கையை விரித்தார்கள். காருக்குப் பக்கத்தில் அவரை ஓரங்கட்டினேன்.

"ஏங்க, வீட்டுக்கே போயிருவோம். ஆளுக்கு ரெண்டு தோச ஊத்திர்றேன்."

"சும்மா இரு. என் மக காரியத்துல வெளாடாத."

"அப்ப வெவரத்தயாவது அவுககிட்டச் சொல்லுவோம்."

"சொன்னா, முடிவு என்னன்னு நாமளே வாயத் தொறந்து கேட்ட மாதிரி ஆகாதா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வாயை மூடிக்கொண்டு முன் ஸீட்டில் ஏறிக்கொண்டேன்.

வீட்டைத் தாண்டிய கார்

வீரபாண்டியில் ஒரு டீக்கடையில் காரை நிறுத்தினார். கொதிக்கிற பாலில் தூளைக் கொட்டி, சர்க்கரையை அள்ளிப் போட்ட காப்பி. உமாவுக்குக் காலையில் நல்ல காப்பி இல்லாவிட்டால் தலைவலி வந்துவிடும் என்று கயல் முன்னமே சொல்லியிருந்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைக் காரின் பானட்டின்மேல் வைத்தார்.

"பரவாயில்லீங்க" என்றார்.

டம்ளரில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

சின்னமனூர் கடைவீதியில் என் வீட்டுக்காரர் இறங்கி ஓடிப்போய் வாழைப்பழமும் பன்னும் வாங்கிவந்தார். கடையில் வாங்கியது கணக்கில் வராதாம். தனசேகர் சர்க்கரை வியாதிக்காரர், பாவம், ஒரு பழத்தை வேகமாக உரித்துத் தின்றார். உமா, "எனக்குப் பசியில்லை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் தெரு வந்தது. கயலின் போன் வழியாக எங்கள் வீட்டைப் பலமுறை பார்த்திருந்த பிரசன்னா, "அம்மா, இதான் கயல் வீடு!" என்று கத்தினான். வாசலில் தெருவை அடைத்துக் கோலம். உள்ளேயிருந்து வந்த மசாலா வாசனை காருக்குள்ளேயே ஏறியது. மாடியில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் மகள் நிற்கிறாள்.

கார் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் கியரை மாற்றி நேரே போய்விட்டார்.

என் போன் அடித்தது. "ஏம்மா, கார் நிக்காமப் போகுது? எங்க போறீக?" என்று கயல் பதறினாள்.

"சும்மாதான். ஊரச் சுத்திக் காட்டுறோம்."

"பொண்ணப் பாக்க வந்தவுகளுக்கு எதுக்கும்மா ஊரு?"

போனை வைத்துவிட்டேன். பின்ஸீட்டில் மூன்று பேரும் தலையைத் திருப்பி எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஓடைப்பட்டியில் ஒரு கடை உண்டு, காலையிலேயே புரோட்டா போடுவான், அங்கன போயிரலாம் என்பது அவருடைய கடைசி நம்பிக்கை. அங்கே போக எங்கள் தெரு வழியாகத்தான் வழி. ஷட்டர் இறங்கியிருந்தது. "குலசாமி கும்பிடப் போயிட்டாக" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, பாவமாகவும் இருந்தது.

"பக்கத்துலதான் நம்ம திராட்சத் தோட்டம்" என்றார் கடைசியில். "அதப் பாத்துட்டுப் போவோம்."

பந்தலுக்குக் கீழே

அன்றைக்குத் தோட்டத்தில் பழம் வெட்டு. வெட்டுக்கு வரும் பெண்கள் இருட்டோடு வந்து, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். ஊரில் எந்த ஹோட்டலிலும் கிடைக்காத அந்த நேரத்துச் சாப்பாடு, கொடிப்பந்தலுக்குக் கீழே அப்போதுதான் தொடங்கியிருந்தது.

வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தூக்குச்சட்டிகள் நடுவில் திறந்து கிடந்தன. ஒருத்தி கொண்டுவந்தது எல்லோருக்கும். மொச்சைக் குழம்பு, அவித்த முட்டை, எலுமிச்சைச் சோறு, கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. ஓரத்தில் கல் கூட்டிய அடுப்பில், பாலில்லாமல் கருப்பட்டி போட்ட வரக்காப்பி கொதித்துக்கொண்டிருந்தது.

"கருவாடா?" என்று கேட்டார் உமா. காலையிலிருந்து அவர் குரலில் அப்போதுதான் உயிர் வந்தது.

வெட்டுக்காரப் பெண்களில் மூத்தவள் பாண்டியம்மா. அவளுக்கு ஊரையே கூப்பிடும் குரல். "வாங்க தாயி! இந்தா, இங்கன உக்காருங்க. நம்ம கையால ஒரு வாய் சாப்பிடுங்க!" என்றாள்.

உமா செருப்பைக் கழற்றினார். நிஜமாகவே கழற்றிவிட்டார்.

அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கி, தலையையும் ஆட்டி, 'போடாதே, போடாதே' என்று பாண்டியம்மாவுக்குச் சைகை காட்டினார். பாண்டியம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். உமா திரும்பிப் பார்த்தார். தூக்கிய கையை இறக்க இவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

உமாவின் முகம் சிவந்துபோனது.

"காலையிலேர்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றார். "ஹோட்டல் ஹோட்டலா வெளியில நிறுத்துனீங்க. வீட்டு வாசலைத் தாண்டிக் காரை ஓட்டுனீங்க. பொண்ணு மாடியில நிக்குது, உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை. இப்ப இவங்க கொடுக்கிறதையும் தடுக்கறீங்க. எங்களைப் பிடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க. சாயங்கால ரயிலுக்குப் போயிடறோம்."

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது. பிரசன்னா என்னைப் பார்த்தான். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"ஐயய்யோ, அப்பிடி இல்லீங்க..." என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க பேசாம இருங்க. நாஞ் சொல்லிர்றேன்" என்று ஆரம்பித்தேன். கை நனைக்கிற வழக்கம், அவர் அக்கா கதை, தேனி டிபன் திட்டம், ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். பாதியில் மூச்சு வாங்கியது. பெண்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

முதலில் பேசியவர் தனசேகர்தான். "அப்ப வீட்ல சமைச்சு வெச்சிருக்கீங்களா?"

"ஆட்டுக்கறி, நாட்டுக்கோழி, ரெண்டு பாயாசம்" என்றேன்.

"அதைத் தாண்டியா வந்தோம்?" என்றார். பெற்ற பிள்ளையை ரயிலில் தவறவிட்டவர் மாதிரி கேட்டார்.

உமா சிரிக்க ஆரம்பித்தார். பழப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தாங்கள் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், தங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டார். பெண் பார்க்கப் போனால் கேசரி, பஜ்ஜி, காப்பி என்றுதான் அவருக்குத் தெரியுமாம்.

சிரிப்பு அடங்கியதும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "அக்காவுக்கு நடந்தது பொண்ணுக்கு நடந்துடக் கூடாது. அவ்வளவுதானே?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. இவர் கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை.

"எனக்கும் ஒரு பயம் இருந்துச்சுங்க" என்றார் உமா. "ஒரே பையன். தெரியாத ஊரு, தெரியாத மனுஷங்க. அங்க நமக்கு மரியாதை இருக்குமான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சுக்கிட்டுத்தான் வந்தேன். நீங்க என்னடான்னா மரியாதை ஜாஸ்தியாகி எங்களைப் பட்டினி போட்டிருக்கீங்க."

எழுந்துபோய்த் தொட்டிக் குழாயில் கையைக் கழுவினார். வந்து பாண்டியம்மாவுக்குப் பக்கத்தில், மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"போடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். நேர்மையான மனுஷன், அதையும் சொல்ல வேண்டும். "தாயி, இதுவும் எங்க எடந்தான். இங்கன சாப்பிட்டாலும் அதே அர்த்தந்தான்" என்றார்.

உமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதாங்க உட்கார்ந்திருக்கேன்."

முதலில் புரிந்துகொண்டவள் பாண்டியம்மா. கரண்டியைக் கீழே போட்டுவிட்டுக் குலவையிட்டாள் பாருங்கள்! பந்தலே அதிர்ந்தது. மற்றப் பெண்களும் எச்சில் கையோடு சேர்ந்துகொண்டார்கள். தோட்டத்துக்கு அப்பால் சாலையில் போன மோட்டார் பைக் ஒன்று நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிரசன்னா அழுகிறானா சிரிக்கிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது.

எல்லோருமே உட்கார்ந்தோம். உமா இரண்டாந்தரம் குழம்பு கேட்டு வாங்கினார். தனசேகர், மதிய விருந்துக்கு வயிற்றில் இடம் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மூன்று முட்டையை முடித்தார். வரக்காப்பி வந்தது. உமா ஊதி ஊதிக் குடித்தார்.

"காப்பி எப்பிடி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"சுமார்தான்" என்றார். "ஆனா சூடா இருக்கு. தலைவலி போயிடுச்சு."

பொய் சொல்லாத சம்பந்தி. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அப்போது மறுபடியும் போன் அடித்தது. கயல்தான். "அம்மா, எங்கதான் இருக்கீக? அவுக என்னதான் சொன்னாக? எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்று அழுகிற மாதிரி கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் உமா இடது கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். வலது கையில் குழம்புச் சோறு இருந்தது.

"கயல், நான் உமா பேசறேன். உங்க தோட்டத்துல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்மா. கருவாட்டுக் குழம்பு, ரெண்டாவது தடவை வாங்கியிருக்கேன்."

வீட்டு வழக்கம் தெரிந்த பிள்ளை. அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லைன் போய்விட்டதோ என்று உமா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்துக்கொண்டார்.

"அத்தே" என்றாள் கயல்.

அதுவரைக்கும் அவள் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.